"அந்தத் தாத்தா ஏன் குளிக்கவே இல்லை?" என்று கேட்ட குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

தாய்மனம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயது ஆகிறது. மூன்று வாரங்களுக்கு முன்பு மருத்துவரைப் பார்ப்பதற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தபோது, ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எதிர் இருக்கையில் வந்து அமர்ந்தார். அவரையே சிறிது நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், அறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அம்மா, அந்தத் தாத்தா ஏன் குளிக்கவே இல்லை?" என்று கேட்டுவிட்டாள். நாங்கள் பேசும் மொழி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவள் நீட்டிய விரலும், நான் பதறிப்போய் அந்த விரலை மடக்கிப் பிடித்த விதமும் புரிந்திருக்கும். "உஷ், அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று அடக்கிவிட்டு, கைப்பேசியில் ஏதோ படம் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அந்தப் பெரியவரை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் குளியலறைக்குள் போனவள் நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், நுரை பொங்கப் பொங்கச் சோப்பைப் போட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், தோல் கன்றிப்போயிருந்தது. "இது போகவே மாட்டேங்குதும்மா" என்றாள். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் மாநிறத்துக்குச் சற்றுக் கூடுதலான நிறம்தான். அன்று நான் "சொல்லக் கூடாது" என்றதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

நிறம், இனம், பாகுபாடு ஆகியவற்றைப் பற்றி இந்த வயதுக் குழந்தையிடம் பேசலாமா? பேசலாம் என்றால் எந்தச் சொற்களில் பேசுவது? "எல்லாரும் ஒன்றுதான், நிறம் முக்கியமில்லை" என்று சொல்லிவிட்டால் போதாதா? வீட்டுப் பெரியவர்கள் குழந்தையின் காதுபடவே நிறத்தைப் பற்றிப் பேசுவதை எப்படி நிறுத்துவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லித் தாருங்கள்.

மழலைவகுப்பு ஆசிரியை எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு இருப்பவள் என்பதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் யாரையும் இழிவுபடுத்தவில்லை. கையில் கருமை படிந்தால் அது அழுக்கு, கழுவினால் போய்விடும் என்பது அவள் அறிந்த உலகம். அந்த அறிவைக் கொண்டு, தான் கண்ட புதிய ஒன்றை விளக்கிக்கொள்ள முயன்றிருக்கிறாள். அது தவறான ஊகமே தவிர, தவறான எண்ணம் அன்று. அந்த ஊகத்தைத் திருத்த வேண்டிய இடத்தில் நாம் வாயைப் பொத்தும்போது, ஊகம் அப்படியே நின்றுவிடுகிறது. அதோடு, அம்மாவே வெட்கப்படுகிற விஷயம் இது என்ற செய்தியும் சேர்ந்துகொள்கிறது. முழங்கையைத் தேய்த்த சோப்பு அங்கேயிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் முதல் சில ஆண்டுகளில் நானும் பிள்ளைகளின் வாயைத்தான் பொத்தினேன்.

அந்த நேரம் போய்விட்டது, இனி என்ன செய்வது என்று கலங்க வேண்டாம். குழந்தைகள் பழைய பேச்சுக்குத் திரும்பி வருவதைச் சிறிதும் விநோதமாக நினைக்க மாட்டார்கள். "அன்றைக்கு அந்தத் தாத்தாவைப் பற்றி நீ கேட்டாய் அல்லவா? அம்மா சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்" என்று தொடங்குங்கள். அவர் நன்றாகக் குளித்திருந்தார், அவருடைய தோலின் நிறமே அதுதான் என்று சொல்லுங்கள். எல்லாருடைய தோலுக்குள்ளும் மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்கும் குட்டிக் குட்டி உயிரணுக்கள் உண்டு. அந்த உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லாரிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. வெயில் கடுமையாக அடிக்கும் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு மெலனின் கூடுதலாக இருந்து, குடைபோல் உடலைக் காத்தது. குடை என்றால் நான்கரை வயதுக்கு நன்றாகவே புரியும். நம் தோலிலும் அந்தக் குடை இருக்கிறது, அது கழுவினால் போவதில்லை, போகவும் வேண்டாம் என்று அவள் கையை உங்கள் கையோடு சேர்த்து வைத்துக் காட்டுங்கள்.

விரல் நீட்டிய விஷயம் வேறு. அதைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். "யாரையும் விரல் நீட்டிக் காட்டினால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், கேட்க வேண்டியதை என் காதில் கேள், கண்டிப்பாகப் பதில் சொல்வேன்" என்றால் கேள்வியும் பிழைக்கும், மரியாதையும் பிழைக்கும். அந்தப் பெரியவருக்கு ஒரு புன்னகையும் ஒரு தலையசைப்பும் போதுமாயிருந்திருக்கும்.

வகுப்பில் நான் ஆண்டுதோறும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வண்ணங்களைத் தட்டில் வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தங்கள் முன்கையின் நிறத்தைக் கலந்து எடுக்க வேண்டும் என்பேன். பிள்ளைகள் தூரிகையால் ஒரு புள்ளியைக் கையில் வைப்பார்கள். புள்ளி தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும், புள்ளி மறைந்தால் நிறம் கிடைத்துவிட்டது என்று பொருள். போன ஆண்டு தன்னைச் சுத்த வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் வெள்ளையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றான். பிறகு மஞ்சளும் சிவப்பும் ஒரு துளிப் பழுப்பும் சேர்த்த பின்புதான் அந்தப் புள்ளி மறைந்தது. பக்கத்தில் இருந்த கருநிறச் சிறுமியின் தட்டிலும் அதே நான்கு வண்ணங்கள்தான். அளவு மட்டும் வேறு. இருவரும் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் விளக்கவில்லை.

கிரேயான் பெட்டியிலும் இந்தக் கதை உண்டு. வெளிறிய இளஞ்சிவப்பு ஒன்றுக்குத் 'தசை நிறம்' என்று பெயரிட்டு விற்றுவந்த கிரயோலா நிறுவனம், 1962-இல் அந்தப் பெயரைக் கைவிட்டு, ஒரு பழத்தின் பெயரை வைத்தது. பல்வேறு தோல் நிறங்களுக்கென்றே 24 வண்ணங்கள் கொண்ட பெட்டியை அதே நிறுவனம் வெளியிட்டது 2020-இல். உங்கள் வீட்டுப் பெட்டியில் எந்தக் குச்சியை "தோல் நிறம்" என்று அழைக்கிறீர்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இரு பிள்ளைகளின் தந்தை எழுதுகிறார்:

ஆசிரியையின் அனுபவத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் என் மனத்தில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன். என் பிள்ளைகள் இருவரிடமும் இனம் என்ற சொல்லையே நாங்கள் பயன்படுத்தியதில்லை. அவர்கள் எல்லாருடனும் ஓடி ஆடி விளையாடுகிறார்கள். தோழனின் பெயரையும் அவன் வைத்திருக்கும் பந்தையும் பற்றிச் சொல்வார்களே தவிர, அவன் நிறத்தைச் சொன்னதே இல்லை. பெரியவர்கள் சேர்த்து வைத்திருக்கும் கசப்பை நாமே எடுத்து அவர்கள் கையில் ஏன் கொடுக்க வேண்டும்? "இவர் இந்த இனம், அவர் அந்த இனம்" என்று சொல்லிக் கொடுத்த பிறகுதானே பிரித்துப் பார்க்கும் புத்தியே வரும்? சகோதரியின் மகளுக்கு விளக்கம் தேவைப்படுகிறது, அதை மறுக்கவில்லை. கேட்காத குழந்தையிடமும் நாமாகப் போய்ப் பேச வேண்டும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உளவியல் மாணவி எழுதுகிறார்:

ஐயா எழுப்பியிருக்கும் ஐயம் நியாயமானது. அதில் பாதி சரி என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

குழந்தைகள் நிறத்தைக் கவனிப்பதே இல்லை என்பது நம்முடைய விருப்பம் மட்டுமே. 2005-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், பிறந்த சில நாட்களேயான குழந்தைகள் எல்லா இன முகங்களையும் ஒரே அளவு பார்த்தன. மூன்று மாதக் குழந்தைகளோ தம் இனத்தவரின் முகங்களையே கூடுதல் நேரம் பார்த்தன. மறு ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஆய்வில், எத்தியோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த, கறுப்பினத்தவர், வெள்ளையர் ஆகிய இரு இனத்தவரையும் அன்றாடம் பார்த்து வளர்ந்த மூன்று மாதக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. அதாவது, இது வெறுப்பு அன்று, பழக்கம். பார்த்துப் பழகிய முகங்களைக் கண் தேடுகிறது. வேறுபாட்டைக் காண்பதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டுக்கு என்ன பொருள் என்பதைத்தான் குழந்தை நம்மிடமிருந்தும் ஊரிடமிருந்தும் கற்கிறது.

அந்தக் கல்வி எவ்வளவு விரைவில் நடந்துவிடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் அவருடைய மனைவி மாமி கிளார்க்கும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டிவிட்டார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளிடம், நிறம் தவிர வேறு எந்த வேறுபாடும் இல்லாத பொம்மைகளைக் காட்டி, எதோடு விளையாட விருப்பம் என்று கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையையே எடுத்தார்கள். 'உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டுப் போனார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. சகோதரியின் மகள் குளியலறையில் செய்ததைப் படித்தபோது எனக்கு அந்தப் பொம்மைகள்தான் நினைவுக்கு வந்தன. அந்தக் குழந்தைகளிடம் யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை. யார் எங்கே அமரலாம், யாருக்கு எந்தப் பள்ளி என்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

பேசாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இன்னொரு சான்று 2017-இல் வந்தது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதில் வருபவர்கள் ஒரு பெண்ணிடம் சிரித்த முகத்துடன் சாய்ந்து பேசுவார்கள்; இன்னொரு பெண்ணிடம் அதே சொற்களை முகத்தைச் சுளித்து, விலகி நின்று பேசுவார்கள். பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் பெண்ணையே விரும்பினார்கள். பெரியவர்களின் முகபாவமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஐயா, நாம் இனம் என்ற சொல்லை உச்சரிக்காமல் இருக்கலாம். ஒருவர் அருகில் வந்து அமர்ந்ததும் பையை இழுத்து அணைத்துக்கொள்ளும் நம் கையை யார் அடக்குவது?

இனி, உங்கள் கருத்தில் சரியான பாதிக்கு வருகிறேன். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், சார்ப்பி என்ற கற்பனைக் கூட்டத்தைப் படக்கதையாக நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். "சார்ப்பிகள் பொறிவண்டைக் கண்டு பயப்படுவார்கள்" என்ற வகையில் கூட்டம் முழுவதையும் சேர்த்துச் சொல்லக் கேட்ட பிள்ளைகள், அந்தப் பயம் பிறவியிலேயே வந்தது, மாறாதது என்று நம்பத் தலைப்பட்டார்கள். "இந்தச் சார்ப்பி பொறிவண்டைக் கண்டு பயப்படுகிறது" என்று தனி ஒருவரைச் சொல்லக் கேட்டவர்களிடம் அந்த நம்பிக்கை குறைவாகவே இருந்தது. வகுப்பில் சிவப்பு, நீலச் சட்டைகளைப் போட்டுவிட்டுச் செய்த சோதனையிலும், "சிவப்புச் சட்டைக்காரர்கள் இப்படி வரிசையில் நில்லுங்கள்" என்று ஆசிரியர்கள் ஓயாமல் நிறத்தைச் சொல்லிப் பிரித்த வகுப்பில்தான் சொந்தக் கூட்டத்தின் மேல் சாய்வு மிகுந்தது. ஆகவே பேச்சே ஆபத்து என்பதல்ல, "அவர்கள் இப்படித்தான்" என்ற வாக்கியமே ஆபத்து. "அவர்கள் நன்றாகப் பாடுவார்கள்", "அவர்கள் கெட்டிக்காரர்கள்" என்று புகழ்ந்தாலும் அதே கேடுதான். அந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசும்போது "அந்தத் தாத்தா" என்றே பேசுங்கள்.

நிறத்தைக் கவனிக்காத வகுப்பைச் சோதனையில் உண்டாக்கலாம். வெளியே இருக்கும் உலகமோ ஏற்கெனவே சட்டைகளைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒரு நாள் ஒரு பிரிவை உயர்த்தியும் மறுபிரிவைத் தாழ்த்தியும் நடத்திக் காட்டினார். இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். சிறு குழந்தைக்கு நியாயம் இன்னதென்று உணர்த்த அதை அவமானப்படுத்திப் பார்க்கத் தேவையில்லை. "அநியாயம்" என்ற உணர்வு நான்கு வயதில் எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பது, இனிப்பைச் சமமாகப் பங்கிடாத எவருக்கும் தெரியும்.

கருவிழி எழுதுகிறார்:

நான் பெற்றோர் அல்லள். ஆனால் சோப்பு போட்டுத் தேய்த்த குழந்தை நான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் என்னைத் திட்டியதில்லை. எல்லாரும் பாசமாகத்தான் இருந்தார்கள். "கறுப்பாக இருந்தாலும் களையான முகம்" என்று என் கன்னத்தைத் தொட்டுச் சொல்வார்கள். அந்த "இருந்தாலும்" என்ற சொல்லை நான் ஐந்து வயதிலேயே புரிந்துகொண்டேன். குறையை ஒப்புக்கொண்ட பிறகு சொல்லும் ஆறுதல் அது. என் தங்கையைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் வராது. அவளுக்கு "நல்ல நிறம்". அப்படியானால் என்னுடையது என்ன நிறம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, ஏனெனில் விடை அந்தச் சொல்லிலேயே இருந்தது. நம் மொழியில் ஒருவரை "நிறமாக இருக்கிறாள்" என்று சொன்னால் வெளுப்பாக இருக்கிறாள் என்று பொருள். மற்றவர்களுக்கு நிறமே இல்லாதது போல.

சகோதரி, உங்கள் மகளிடம் "நீயும் அழகுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த "உம்"-மை அவள் கேட்டுவிடுவாள். "உன் கை நிறம் எனக்குப் பிடிக்கும், உன் பாட்டிக்கும் இதே நிறம்" என்று, ஒப்பிடாமல், நேராகச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் குழந்தையின் முன்னிலையில் சண்டை போட வேண்டாம். ஆனால் அவள் முன்னிலையில் ஒரு வாக்கியமாவது சொல்லியாக வேண்டும். என் அத்தை ஒருமுறை மட்டும், "இவளுக்கு எந்தக் குறையும் இல்லை, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்" என்று உறவினர் ஒருவரிடம் சொன்னார். முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் அணிந்திருந்த சேலை எது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இரு பிள்ளைகளின் தந்தை எழுதுகிறார்:

கருவிழி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு நேற்றிரவு மூத்தவனிடம், உன் வகுப்பில் நிறத்தைச் சொல்லி யாராவது யாரையாவது கேலி செய்வார்களா என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல் இரண்டு பெயர்களைச் சொன்னான். ஏன் இதுவரை சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க கேட்கலையே" என்றான். அவனுக்கு எட்டு வயது. இதற்கு மேல் என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று ஆசிரியை வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழலைவகுப்பு ஆசிரியை எழுதுகிறார்:

ஐயா, எட்டு வயதுப் பிள்ளைக்கு உண்மையான வரலாற்றையே சொல்லலாம். நான் பெரிய பிள்ளைகளுக்கு ரூபி பிரிட்ஜஸின் கதையைச் சொல்வது வழக்கம். 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமியான ரூபி, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளி ஒன்றுக்குள், கூச்சலிடும் கூட்டத்தைக் கடந்து, அரசுக் காவலர்கள் புடைசூழ நடந்து சென்றார். மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டதால், பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒருவருக்கு மட்டுமே வகுப்பெடுத்தார். கதை முடிந்ததும் பிள்ளைகள் காவலர்களைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் நான் எப்போதும் எதிர்பார்ப்பேன்; அவர்களோ, மதிய இடைவேளையில் அவர் யாரோடு விளையாடினார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து உங்கள் மகனின் வகுப்பில் இருக்கும் அந்த இருவருக்கு வந்துவிடலாம். கேலி செய்பவனைத் தண்டிப்பது பள்ளியின் வேலை. கேலிக்கு ஆளானவன் பக்கத்தில் போய் உட்காருவதை உங்கள் மகனே செய்யலாம், அதை அவனிடம் சொல்லுங்கள். பள்ளிக்கும் தகவல் தெரிவியுங்கள்.

தாய்மனம் எழுதுகிறார்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தட்டில் வண்ணங்களை வைத்துக்கொண்டு நானும் மகளும் உட்கார்ந்தோம். அவள் கைக்கு ஏற்ற நிறம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. புள்ளி மறைந்ததும், எங்கே போயிற்று என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கைக்கும் கலந்தாள். அவளுடையதை விட ஒரு துளிப் பழுப்பு கூடுதல். அப்போதுதான் அந்தத் தாத்தாவின் பேச்சை எடுத்தேன். "அப்போ அவர் குளிச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றேன். "நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்றாள். சொன்னது புரிந்திருக்காது, ஆனால் நாம் நடந்துகொண்ட விதம் அவருக்கு வருத்தமாக இருந்திருக்கலாம், விரலைப் பிடித்து மடக்கியதில் என் தவறும் உண்டு என்றேன். நான் தவறு செய்ததாகச் சொன்னது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மாமியாரிடம் பேசிப் பார்த்தேன். அவர் மனம் நோகத்தான் செய்தது, "நான் என்ன கெட்டதா சொன்னேன்?" என்றார். இன்னும் பலமுறை பேச வேண்டியிருக்கும் என்று தெரிகிறது. அன்று மாலை அவர் பேத்தியின் முழங்கைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது, அவள் தன் கையை அவர் கையோடு ஒட்டி வைத்து, "பாட்டி, உங்களுக்கு ரெண்டு துளி பழுப்பு வேணும்" என்றாள். என்ன சொல்வாரோ என்று நான் அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ரெண்டு போதுமா, நல்லாப் பாரு" என்றார் மாமியார்.